தட்டில் குளம், வாயில் ரப்பர்: இறால் காய்கறி நூடுல்ஸ் எங்கே சொதப்புகிறது?

முதல் தடவை இதைச் செய்தபோது நூடுல்ஸ் தட்டில் மிதந்தது. மிகைப்படுத்திச் சொல்லவில்லை, ரசவடையில் வடை மிதக்குமே, அந்த மாதிரி. மாவு நூடுல்ஸுக்குப் பதில், வெள்ளரி மாதிரி இருக்கும் சுக்கினிக் காயை நூல் நூலாகச் சீவி, இறாலோடு புரட்டி, வீடியோவில் பார்த்த அதே நிறத்தில் இறக்கி வைத்துவிட்டு எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டேன். அவர்கள் கை கழுவிவிட்டு வருவதற்குள் அடியில் தண்ணீர் கட்டி நின்றது. அம்மா எட்டிப் பார்த்து, "இது சூப்பா, கூட்டா?" என்று கேட்டாள்.

அதற்கப்புறம் விடவில்லை. வாரத்தில் ஒரு ராத்திரியாவது எங்கள் வீட்டில் இது உண்டு. கிண்டியில் ரயில் ஏறி எட்டு மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தால் எட்டரைக்குத் தட்டில் சாப்பாடு இருக்கும், வயிறும் கனக்காது, அவ்வளவுதான் இதன் கவர்ச்சி. நடுவில் எத்தனை விதமாகச் சொதப்ப முடியுமோ அத்தனையும் சொதப்பியாயிற்று. பெரும்பாலான கோளாறுக்குக் காரணம் ஒன்றே ஒன்று, தண்ணீர். காயின் தண்ணீர், இறாலின் தண்ணீர், கழுவின தண்ணீர். அதை எங்கே எப்போது வெளியேற்றுகிறோம் என்பதில்தான் மொத்தச் சமையலும் இருக்கிறது.

கீழே உள்ளதை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை, உங்கள் தட்டில் என்ன கோளாறோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஆனால் நான் செய்யும் அளவும் வரிசையும் தெரியாமல் எது தப்பு என்று பேச முடியாது, அதை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு பேருக்குச் சீவிய காய் 400 கிராம், உரித்த இறால் 250 கிராம். தலையும் ஓடும் சேர்த்து வாங்கினால் அரை கிலோ வாங்க வேண்டும், பாதிதான் மிஞ்சும். நல்லெண்ணெய் ஒன்றரை மேசைக்கரண்டி, பூண்டு ஆறு பல், சின்ன வெங்காயம் ஒரு கை, ஒன்றிரண்டாக இடித்த மிளகு ஒரு தேக்கரண்டி, கிள்ளின வரமிளகாய் இரண்டு, கறிவேப்பிலை, எலுமிச்சை அரை மூடி. காயில் அரைத் தேக்கரண்டி உப்பைப் பிசிறி வடிதட்டில் 15 நிமிடம் வைத்துவிடுங்கள். அதற்குள் இறாலை ஈரம் போகத் துடைத்து, காய்ந்த கடாயில் கொஞ்சம் எண்ணெயில் தனியாக வாட்டி, தட்டில் எடுத்து வையுங்கள். அதே கடாயில் மீதி எண்ணெய் விட்டு வெங்காயம், பூண்டு, மிளகாய், கறிவேப்பிலை. அப்புறம் பிழிந்த காய், முழுத் தீயில் ஒன்றரை நிமிடம். கடைசியாக இறாலைத் திரும்பப் போட்டு மிளகு தூவி ஒரு புரட்டு, அடுப்பை அணைத்துவிட்டு எலுமிச்சை. இறாலும் காயும் கடாயில் சேர்ந்திருப்பது கடைசி அரை நிமிடம் மட்டுமே, இதை மட்டும் மாற்றாதீர்கள்.

தட்டில் தண்ணீர் தேங்குகிறது

சுக்கினியிலும் சௌசௌவிலும் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு, தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர்தான். 400 கிராம் காய் என்றால், அரை லிட்டர் பால் பாக்கெட்டில் முக்கால் பாக்கெட் தண்ணீரை நூலாகச் சீவி வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். சூடு பட்டதும் அது வெளியே வராமல் எங்கே போகும்?

உப்பை எப்போது போடுகிறீர்கள் என்று முதலில் பாருங்கள். பொரியலுக்குப் போடுவதுபோலக் கடாயில் போட்டால், உப்பு இழுக்கும் தண்ணீர் முழுக்கக் கடாயிலேயே இறங்கும், காய் வதங்குவதை விட்டுவிட்டு வேக ஆரம்பிக்கும். அதே உப்பை 15 நிமிடம் முன்னாடி வடிதட்டில் போட்டால் அந்தத் தண்ணீர் சிங்க்கில் இறங்கும். பிறகு பழைய வேட்டித் துணியில் சுற்றிப் பிழியுங்கள், வெள்ளரிப் பச்சடிக்குப் பிழிவது மாதிரி, முறுக்கிச் சக்கையாக்கிவிடாமல். பிழிந்த தண்ணீரைக் கொட்ட மனசு வராமல் அம்மா மறுநாள் ரசத்தில் சேர்ப்பாள், அப்படிச் செய்தால் ரசத்துக்கு உப்புக் குறைக்க வேண்டும்.

உப்புப் போட்டுப் பிழிந்தும் தண்ணீர் விடுகிறதா, அப்படியென்றால் கடாயைப் பாருங்கள். நாலு பேருக்கான காயை ஒரே ஈடாகச் சின்னக் கடாயில் அடைத்தால் அடியில் இருப்பதிலிருந்து கிளம்பும் ஆவி மேலே இருப்பதில் முட்டித் திரும்பக் கீழேயே இறங்கும். இரண்டு ஈடாகப் போடுங்கள். மூடி போடவே போடாதீர்கள். நமக்குப் பொரியல் செய்து பழகின கை, தன்னையறியாமல் தட்டை எடுத்துக் கடாயை மூடிவிடும், எனக்கு இன்னும் அந்தப் பழக்கம் முழுசாகப் போகவில்லை. தீ முழுசாக எரிய வேண்டும், கடாய் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். இதற்கு இரும்புக் கடாய்தான் சரி. நான்ஸ்டிக்கைக் காலியாக முழுத் தீயில் காயவைத்தால் அதன் பூச்சு கெட்டுவிடும், நான்ஸ்டிக்தான் இருக்கிறது என்றால் எண்ணெய் விட்ட பிறகு தீயை ஏற்றி, இன்னும் சின்னச் சின்ன ஈடாகப் போட வேண்டியதுதான்.

காய் சரி, கடாய் சரி, அப்படியும் இறால் போட்டதும் கடாயில் வெள்ளை வெள்ளையாக நுரை கட்டித் தண்ணீர் நிற்கிறது என்றால், அது உறைய வைத்த பாக்கெட் இறாலின் வேலை. இறால் காய்ந்துபோகாமல் இருக்க மேலே ஒரு பனிப்படலம் ஏற்றித்தான் விற்கிறார்கள், சிலவற்றில் நீரைப் பிடித்துவைக்கும் பாஸ்பேட் உப்பும் உண்டு, பாக்கெட்டின் பின்பக்கம் சேர்மானத்தில் போட்டிருக்கும். இப்படிப்பட்ட இறாலை முந்தின ராத்திரியே ஃபிரிஜ்ஜின் கீழ்த்தட்டில் ஒரு வடிதட்டில் போட்டு அடியில் கிண்ணம் வைத்துவிடுங்கள். காலையில் கிண்ணத்தில் இருக்கும் தண்ணீரைப் பார்த்தால் எவ்வளவு தண்ணீருக்குக் காசு கொடுத்தோம் என்று தெரியும். அவசரமென்றால் கவரோடு பச்சைத் தண்ணீரில் அரைமணி நேரம் போடலாம். எப்படி உருக்கினாலும், கடாயில் போடுமுன் துணியில் ஒற்றி எடுப்பதைத் தவிர்க்க முடியாது.

இப்போதே தட்டில் குளம் கட்டி நிற்கிறது, வீட்டில் எல்லோரும் காத்திருக்கிறார்கள், என்ன செய்வது? காயையும் இறாலையும் வேறு தட்டில் அள்ளிவிட்டு, தண்ணீரை மட்டும் கடாயில் விட்டு முழுத் தீயில் இரண்டு மூன்று கரண்டியாகச் சுண்ட வையுங்கள். அதில் ஒரு தேக்கரண்டி பொட்டுக்கடலை மாவைத் தூவிக் கிளறினால் கெட்டிப்படும், அடுப்பை அணைத்துவிட்டு எல்லாவற்றையும் திரும்பக் கொட்டிப் புரட்டுங்கள். நூடுல்ஸ் கொஞ்சம் குழைந்துதான் இருக்கும், ஆனால் யாரும் சூப் என்று சொல்ல மாட்டார்கள்.

இறால் ரப்பராகிவிட்டது

நேரம் அதிகமாகிவிட்டது, வேறு பெரிய காரணம் கிடையாது. நடுத்தர அளவு இறாலுக்குக் காய்ந்த கடாயில் ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம், திருப்பிப் போட்டு முக்கால் நிமிடம் போதும். தொக்குக்குப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டுப் பழகினவர்களுக்கு இதை நம்பவே முடியாது. வடிவத்தைப் பாருங்கள், இறால் பிறை நிலா மாதிரி வளைந்தால் வெந்துவிட்டது, வளையல் மாதிரி தலையும் வாலும் முட்டிக்கொண்டால் கைமீறிவிட்டது. நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். பச்சை இறாலில் புரதத்தோடு கட்டுண்டு கிடக்கும் செம்மஞ்சள் நிறமி சூடு பட்டதும் அவிழ்ந்து வெளியே தெரிகிறது, அது மேற்பரப்பில் சீக்கிரமே நடந்துவிடும், தடிப்பான கழுத்துப் பக்கம் அப்போதும் கண்ணாடி மாதிரியே இருக்கலாம். அந்தக் கழுத்துப் பக்கம் வெள்ளையாக மாறிய அந்த நொடியில் எடுத்துவிடுங்கள், கடைசியில் காயோடு சேரும்போது இன்னும் கொஞ்சம் சூடு ஏறத்தானே போகிறது.

சிலர் எலுமிச்சையில் ஊறவைப்பார்கள். புளிப்பே இறாலின் புரதத்தைப் பாதி வேகவைத்துவிடும். அரைமணி எலுமிச்சையில் கிடந்த இறாலை எடுத்துப் பாருங்கள், அடுப்பைக் காணாமலே வெளுத்திருக்கும். அதற்கு மேல் தீயும் காட்டினால் சுண்ணாம்பு மாதிரி வறண்டுதான் போகும். எலுமிச்சை கடைசியில், அடுப்பை அணைத்த பிறகு.

கடக்கென்று பல்லில் படும் பதம் வேண்டுமென்றால் ஒரு வழி இருக்கிறது. 250 கிராம் இறாலில் கால் தேக்கரண்டி ஆப்ப சோடா, கால் தேக்கரண்டி உப்பு பிசிறி ஃபிரிஜ்ஜில் 15 நிமிடம், பிறகு நன்றாகக் கழுவித் துடைக்க வேண்டும். காரத்தன்மை ஏறுவதால் சதை தன் ஈரத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும், அரை நிமிடம் கூடுதலாக வெந்தாலும் மன்னித்துவிடும். கழுவ மறந்தால் சோப்பு மாதிரி ஒரு ருசி வரும். ஒரு தடவை மறந்தேன்.

இறால் மாவு மாதிரி உதிர்கிறது

இது ரப்பருக்கு நேர் எதிர், இதைச் சரிசெய்யவும் முடியாது. அடுத்த தடவை வராமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் நீண்ட நாள் பிடிபடாத காரணம் ஒன்று இருந்தது. காலையில் ஆபீஸ் போகுமுன் இஞ்சி பூண்டு விழுது தடவி ஃபிரிஜ்ஜில் வைத்துவிட்டுப் போவேன், ராத்திரி வந்ததும் நேராகக் கடாயில் போடலாமே என்று. இறால் ஒவ்வொரு தடவையும் பிசுபிசுவென்று மாவாக வந்தது, நான் மீன்காரம்மாவைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். குற்றவாளி இஞ்சி. பச்சை இஞ்சியில் புரதத்தை அறுக்கும் நொதி இருக்கிறது. பத்து மணி நேரம் அதில் ஊறினால் முற்றின ஆட்டுக்கறிக்கே சதை தளர்ந்துவிடும், இறால் எந்த மூலை! இப்போதெல்லாம் இஞ்சியே போடுவதில்லை, பூண்டும் மிளகும் போதும். இஞ்சி வேண்டுமென்பவர்கள் தாளிப்பில் வதக்குங்கள்.

இதே காரணத்தால் பப்பாளிக்காயை நூடுல்ஸாகச் சீவுகிறவர்களும் கவனமாக இருக்க வேண்டும். கறி மசியப் பப்பாளிக்காய்த் துண்டு போடும் வீடுகளுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. பச்சைப் பப்பாளியையும் பச்சை இறாலையும் ஒரே கிண்ணத்தில் வைக்காதீர்கள், தனித்தனியாகக் கடாய்க்குப் போனால் பிரச்சினையில்லை.

அடுத்த காரணம் தலை. இறாலின் செரிமானச் சாறெல்லாம் தலையில்தான் இருக்கிறது. செத்த பிறகு ஐஸ் இல்லாமல் தலையோடு கிடந்தால் அந்தச் சாறு கழுத்துப் பக்கச் சதையைக் கரைக்கத் தொடங்கிவிடும். பட்டினப்பாக்கத்தில் நான் வழக்கமாக வாங்கும் அக்கா, "தலைய இங்கியே கிள்ளிட்டுப் போ கண்ணு, வூட்டுக்குப் போயி கிள்ளிக்கலாம்னு வெச்சினா கொழகொழன்னு ஆயிடும்" என்பார். காரணம் அவருக்குத் தெரியுமோ தெரியாதோ, சொன்னது நூற்றுக்கு நூறு சரி. தலையை அவர் தனியாகக் கட்டிக் கொடுப்பார், அன்றே வறுத்து ரசமோ குழம்போ வைத்தால் அமிர்தம், அது வேறு கதை.

வாங்கும்போது தலையும் உடம்பும் இறுக்கமாகச் சேர்ந்திருக்கிறதா, ஓடு கையில் பிடித்தால் கெட்டியாக இருக்கிறதா என்று பாருங்கள். சட்டையுரித்த சமயத்தில் பிடிபட்ட இறாலின் ஓடு மெத்தென்று இருக்கும், சதையும் தண்ணியாகத்தான் இருக்கும். தலையில் கருப்புத் தட்டியிருந்தால் உடனே கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை, வெட்டிவைத்த கத்தரிக்காயும் வாழைப்பூவும் காற்றுப் பட்டுக் கருப்பதுபோலத்தான் அதுவும். ஆனால் பழசாகிறது என்பதற்கு அடையாளம், விலையைக் குறைத்துக் கேட்கலாம். அம்மோனியா நெடி அடித்தால் மட்டும் பேரம் பேசாமல் நகர்ந்துவிடுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், நம் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் மீன்பிடிக்கப் போகாது. அந்த நாட்களில் காசிமேட்டிலும் சரி, சிந்தாதிரிப்பேட்டையிலும் சரி, சின்னப் படகுக்காரர்கள் கொண்டுவருவது போக, இறால் பெரும்பாலும் பண்ணையில் வளர்ந்த வனாமிதான். கடல் இறாலின் ருசி அதில் வராது என்று பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள், நானும் குழம்புக்கு அதைத்தான் சொல்வேன். ஆனால் இந்தச் சமையலுக்கு வனாமி சௌகரியம், எல்லாம் ஒரே அளவாக இருப்பதால் எல்லாம் ஒரே நேரத்தில் வேகும். கடல் இறாலில் பெரிசும் சின்னதும் கலந்திருந்தால் இரண்டாகப் பிரித்து, பெரிசை முதலில் போடுங்கள்.

நூடுல்ஸ் குழைகிறது, அல்லது துண்டு துண்டாக உடைகிறது

சுக்கினிதான் வேண்டுமென்று ஏன் அடம்பிடிக்கிறோம் என்று எனக்குப் புரிவதில்லை. கோயம்பேட்டில் கிடைக்கிறது, பெரிய கடைகளில் பிளாஸ்டிக் தாள் சுற்றிக் கிடைக்கிறது, விலையைப் பார்த்தால் அதே காசுக்கு மூன்று நாள் காய் வாங்கலாம். நம்மூர் வெயிலில் இரண்டு நாள் வெளியே கிடந்தாலே துவண்டுபோகிறது. துவண்ட சுக்கினியைச் சீவினால் நூலாக வராது, கிழிந்து வரும்.

சௌசௌ இதற்கு எவ்வளவோ மேல். சதை இறுக்கமாக இருப்பதால் உப்பில் பிழிந்த பிறகும் நூல் அறுபடாது, சட்டென்று குழையாது, சுக்கினிக்கு ஒன்றரை நிமிடம் என்றால் இதற்கு இரண்டரை. இளசாகப் பார்த்து வாங்க வேண்டும், முற்றினதில் கொட்டையைச் சுற்றி நார் இருக்கும். தோல் சீவும்போது கையில் ஒட்டும் பிசின் பிடிக்காதவர்கள் தண்ணீருக்கடியில் சீவலாம். இன்னொன்று புடலங்காய். நீளமாகக் கீறி, உள்ளே இருக்கும் விதையையும் பஞ்சையும் வழித்து எறிந்துவிட்டு, தோல்பக்கத்தை நீள நீளமாக மெல்லிசாக நறுக்கினால் அகல நூடுல்ஸ் மாதிரியே இருக்கும், கருவியே தேவையில்லை, இறாலுக்கும் அதற்கும் அப்படி ஒரு பொருத்தம். காரட் நிறத்துக்காகக் கால் பங்கு சேர்க்கலாம், ஆனால் அது வேக மற்றதைவிட நேரம் பிடிக்கும், ஒரு நிமிடம் முன்னாடி போடுங்கள். பீட்ரூட்டை நான் ஒரே ஒரு முறை போட்டேன். இறால், பூண்டு, கடாய், துணி எல்லாம் சிவந்துபோனது. சுரைக்காய் வேண்டாம், நூலாகச் சீவினால் நிற்காது, கூட்டுக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

உடைவதற்குப் பெரும்பாலும் கரண்டிதான் காரணம். தோசைக் கரண்டியால் குத்திக் குத்திக் கிளறாமல் இடுக்கியாலோ இரண்டு முள்கரண்டியாலோ தூக்கிப் புரட்டுங்கள். சுழற்றிச் சீவும் ஸ்பைரலைசரில் நூல் முடிவில்லாமல் வரும், ஒரு சாண் நீளத்துக்குக் கத்திரியால் வெட்டிவிட்டால் சிக்காது. கருவி இல்லாதவர்கள் வாங்க ஓட வேண்டாம், பல் வைத்த பீலர் ஒன்று போதும். இடியாப்ப அச்சில் போட்டுப் பிழியலாமா என்று என்னிடம் கேட்டவர்கள் இருக்கிறார்கள். ஜூஸ்தான் வரும்.

மசாலா ஒட்டாமல் நழுவி அடியில் நிற்கிறது

கோதுமை நூடுல்ஸின் மேல் மாவுப்பசை இருக்கிறது, சாஸ் அதைப் பிடித்துக்கொள்ளும். காயில் அந்தப் பசை கிடையாது. அதனால் எவ்வளவு நல்ல சாஸ் ஊற்றினாலும் வாழையிலையில் தண்ணீர் விட்ட மாதிரி வழிந்து ஓடிவிடும். சோயா சாஸை இன்னும் ஊற்றுவது பதிலில்லை. உலர்ந்த பொடிதான் பதில். வறுத்த வேர்க்கடலையும் பொட்டுக்கடலையும் ஒரு பிடி எடுத்து, இரண்டு வரமிளகாயோடு கரகரப்பாகப் பொடித்து இறக்கும்போது தூவினால் மிச்சமிருக்கும் ஈரத்தையும் குடித்து, நூலோடு ஒட்டிக்கொண்டு ருசியும் தரும். பருப்புப் பொடி இருந்தால் அதையே போடலாம். இட்லிப்பொடியும் போட்டுப் பார்த்தேன், பெருங்காயம் தூக்கலாகி இறாலை அமுக்கிவிட்டது.

உப்பு மட்டும் ஜாக்கிரதை. காயில் ஏற்கெனவே உப்பு ஏறியிருக்கிறது, இறாலுக்கும் இயல்பாகவே கொஞ்சம் உப்புண்டு, பொடியிலும் இருக்கும். கடாயில் தனியாக உப்புப் போடவே வேண்டாம். கரித்துவிட்டால் சீவிப் பிழிந்த பச்சைக் காய் இன்னும் ஒரு கை, உப்பில்லாமல், சேர்த்துப் புரட்டுவதுதான் வழி. அதற்காகவே கொஞ்சம் காயைச் சீவாமல் வைத்திருப்பேன்.

கவுச்சி வாடை வருகிறது

புதுசு இல்லாத இறாலை மஞ்சளும் எலுமிச்சையும் காப்பாற்றும் என்று நினைக்காதீர்கள், ஓரளவுக்குத்தான் முடியும். கடல் மீனிலும் இறாலிலும் வாடையில்லாத ஒரு பொருள் இருக்கிறது, நேரம் ஆக ஆகக் கிருமிகள் அதை மீன்நாற்றமாக மாற்றுகின்றன. புளிப்பு அந்த நாற்றத்தைக் கட்டிப்போடும், மீன்குழம்பில் புளி கரைத்து ஊற்றுவதில் இந்தச் சாமர்த்தியமும் அடங்கியிருக்கிறது. வேகமாகச் செய்யும் இந்தச் சமையலில் புளிக்கு இடமில்லை, ஆகவே கல்லுப்பும் மஞ்சளும் போட்டு ஒரே ஒரு தடவை அலசி, உடனே துடைத்துவிடுங்கள். அஞ்சாறு தடவை தண்ணீர் மாற்றி மாற்றி அலசினால் ருசிதான் போகும். முதுகில் ஓடும் கருப்பு நரம்பு உண்மையில் நரம்பில்லை, குடல். பெரிய இறாலில் அதை எடுக்காவிட்டால் மண் நறநறக்கும், பல்குச்சியால் நடுமுதுகில் நெம்பினால் முழுசாக வந்துவிடும்.

கசக்கிறது

பூண்டு கருகியிருந்தால் கசக்கும், அது எல்லோருக்கும் தெரியும். கடாய் இறால் வாட்டிய சூட்டில் கொதித்துக்கொண்டிருக்கும்போதே பூண்டைப் போட்டால் பத்து நொடியில் கருகும், தீயைக் குறைத்து அரை நிமிடம் ஆறவிட்டுப் போடுங்கள்.

பூண்டு பொன்னிறமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் கசக்கிறது என்றால் சாப்பிடுவதை நிறுத்துங்கள். சுக்கினி, சுரைக்காய், புடலை, வெள்ளரி எல்லாம் ஒரே குடும்பம், எப்போதாவது ஒரு காயில் குகுர்பிட்டாசின் என்ற கசப்புப் பொருள் அளவுக்கு மீறிச் சேர்ந்துவிடும். வேகவைத்தாலும் போகாது. வாந்தி, வயிற்றுப்போக்கு என்று படுக்கவைத்துவிடும், கசப்புச் சுரைக்காய் ஜூஸ் குடித்து உயிரே போன கதைகள் நம் நாட்டில் உண்டு. சீவுமுன் ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள், பாகற்காய் மாதிரி கசந்தால் துப்பிவிட்டுக் காயைக் குப்பையில் போடுங்கள். காசு போகிறதே என்று பார்க்கிற இடம் இதுவல்ல.

தேங்காய்ப்பால் திரிந்துவிட்டது

என் செய்முறையில் தேங்காய்ப்பால் இல்லை, சேர்த்துப் பார்த்தவர்களுக்கு இது. கொதிக்கவிட்டிருப்பீர்கள், அல்லது பால் சூடாக இருக்கும்போதே எலுமிச்சை பிழிந்திருப்பீர்கள். சொதிக்கு என்ன செய்வோமோ அதேதான், இரண்டாம் பால் கொதிக்கலாம், முதல் பால் அடுப்பை அணைத்த பிறகு. எலுமிச்சையைத் தட்டில் அவரவர் பிழிந்துகொள்ளட்டும்.

இறாலுக்குப் பதில் மீனோ கடம்பாவோ போட்டேன், சரியாக வரவில்லை

கணவாயைச் சென்னை மார்க்கெட்டில் கடம்பா என்று கேட்டால் சட்டென்று எடுத்துக் கொடுப்பார்கள். வளையம் வளையமாக வெட்டி, முழுத் தீயில் ஒன்றரை நிமிடத்துக்குள் எடுத்துவிடுங்கள். அதைத் தாண்டினால் செருப்புத் தோல். அப்படித் தாண்டிவிட்டால் ஒரே வழி, முக்கால் மணி நேரம் மெல்லிய தீயில் கொதிக்கவைத்து மறுபடி மெத்தென்று ஆக்குவது, அதற்குள் ராத்திரிச் சாப்பாட்டு நேரம் போய்விடும்.

மீன் என்றால் முள் குறைந்த, சதை இறுகினதாகப் பார்த்து வாங்குங்கள். வஞ்சிரம் கட்டுப்படியாகாத நாளில் கொடுவா நன்றாக நிற்கும். சங்கராவில் முள் எடுத்து முடிப்பதற்குள் விடிந்துவிடும். சட்டியில் ஒட்டிக்கொள்கிறது என்றால் மீன் ஈரமாக இருந்திருக்கும், இல்லை நீங்கள் அவசரப்பட்டுப் புரட்டியிருப்பீர்கள். அடிப்பக்கம் சிவந்து இறுகினதும் அதுவே சட்டியை விட்டுக்கொடுக்கும், அதுவரை கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். மீனை நூடுல்ஸோடு புரட்டாமல் மேலே வைத்துப் பரிமாறுவது நல்லது, புரட்டினால் புட்டாகிவிடும். சூரை, கானாங்கெளுத்தி இரண்டையும் ஐஸில் இருந்ததுதானா என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் வாங்குங்கள். வெயிலில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் ஏறிவிடும், எவ்வளவு வேகவைத்தாலும் அது போகாது, முகம் சிவந்து தலைவலி வரும்.

சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் பசிக்கிறது

பசிக்கத்தான் செய்யும். கணக்கு போட்டுப் பாருங்கள். 100 கிராம் சுக்கினியில் 17 கலோரி, 400 கிராமுக்கும் சேர்த்து எழுபது கூட வராது. இறால் இருநூற்றுச் சொச்சம், எண்ணெய் ஒன்றரை மேசைக்கரண்டி நூற்றெண்பது. இரண்டு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு இருநூற்றைம்பதைத் தொடவே கஷ்டம். இரண்டு இட்லி கூடச் சாப்பிட்ட மாதிரி இல்லையே என்று அப்பா சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அவர் சொன்னது நியாயம். பதினொரு மணிக்கு மிக்ஸர் டப்பாவைத் திறப்பதற்குப் பதில் தட்டிலேயே ஏதாவது சேர்த்துவிடலாம். அப்பாவுக்குக் காயில் பாதியைக் குறைத்து அரிசி சேவை கலந்து கொடுக்கிறேன், அதில் மாவுப்பசை இருப்பதால் மசாலாவும் தானாக ஒட்டுகிறது. எனக்கு ஒரு முட்டை உடைத்து ஊற்றினால் போதும். இதை நூடுல்ஸ் என்று எதிர்பார்த்து உட்கார்ந்தால் ஏமாற்றம்தான் வரும், இறால் போட்ட நீளமான பொரியல் என்று நினைத்துச் சாப்பிட்டால் பிடித்துவிடும்.

உதடு அரிக்கிறது, தொண்டை அடைக்கிறது

இதைச் சமையல் கோளாறு என்று நினைத்து மோர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். இறாலுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் உண்டு, வருடக்கணக்காகச் சாப்பிட்டவர்களுக்கும் திடீரென்று வரலாம், அதற்குக் காரணமான புரதம் வேகவைத்தாலும் அழியாது. மூச்சு இழுத்தாலோ முகம் வீங்கினாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். ஒரு தடவை வந்தவர்கள் டாக்டரைப் பார்க்காமல் மறுபடி ருசி பார்க்க வேண்டாம், நண்டும் அதில் சேர்த்திதான்.

மறுநாள் மிச்சம் சொதசொதவென்று ஆகிவிட்டது

ஆகாமல் இருக்காது, ராத்திரி முழுக்கக் காய் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்கும், திரும்பச் சூடாக்கினால் இறாலும் ரப்பராகும். இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிஜ்ஜுக்குள் வைத்திருந்தால் மட்டும் மிச்சத்தைத் தொடுங்கள். தண்ணீரைப் பிழிந்து, இறாலையும் காயையும் பொடியாக நறுக்கி, இரண்டு முட்டையில் அடித்து, தோசைக்கல்லில் ஊற்றிக் கொஞ்சம் மிளகு தூவித் திருப்பிப் போட்டால் காலை டிபனுக்கு ஆளுக்கு ஒரு ஆம்லெட் வரும். எங்கள் வீட்டில் ராத்திரி நூடுல்ஸைத் தொடாத தம்பி, காலையில் இந்த ஆம்லெட்டுக்குச் சண்டை போடுகிறான்.